ஓடு துறந்த கடல் நத்தைகளும் அவற்றின் உருவப்படங்களும்

நிறம்மிகு கடல் நத்தையைப் பற்றிப் பேசப் புகின், நம்மவர் பலர் அவித்து உலர்த்திக் கப்பலேற்றப்படும் கடலட்டையையே நினைப்பர். இஃது அதுவன்று. கடலட்டை நட்சத்திர மீனுக்கு உறவு. இதுவோ சங்குக்கும் சிப்பிக்கும் உறவு. இளம்பருவத்தில் இதற்கும் ஓர் ஓடு உண்டு. வளருங்கால் அதனைத் துறந்துவிடும்.

ஓடிழந்த மென்னுடல் பகைவர்க்கு இரையாகாதோ என மாணவர் வினவுதல் இயல்பே. கடற்பஞ்சை உண்ணும் இனங்கள் பல அதன் நஞ்சைத் தம் தோலிற் சேமிக்கின்றன. வேறு சிலவற்றின் செயல் இன்னும் விந்தையானது: இரையின் கொட்டும் நுண்கலங்களை வெடியாதபடி விழுங்கி, முதுகிலுள்ள விரல் போன்ற நீட்சிகளின் நுனிக்குச் செலுத்தித் தம் படைக்கலமாக்கிக் கொள்கின்றன. பளபளக்கும் நிறம் 'தீண்டாதே' என்னும் அறிவிப்பாகும். அந்நிறத்தை அவை தாமே காணமாட்டா. அவற்றின் கண்கள் ஒளியையும் இருளையும் பிரித்தறிவதோடு அமைவன. துணையையும் இரையையும் தலைமேலுள்ள இரு உணர்கொம்புகளால் மோந்தறிகின்றன.

மதுசாரத்தில் இட்டதும் இந்நிறம் மங்கிவிடும். போத்தலில் எஞ்சுவது வெளிறிய சதைத்துண்டே. ஆதலின் உயிரோடிருக்கையில் எழுதிய வருணனைக்கும் வரைந்த சித்திரத்துக்கும் தனி மதிப்புண்டு. இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட், திருக்கோணமலைக் கடலில் இவற்றை ஆராய்ந்து 1858இல் பல இனங்களுக்குப் பெயரிட்டார். பால்வெண்ணிற உடலிற் செம்மஞ்சட் புள்ளிகள் கொண்ட 'ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கா' அவற்றுள் ஒன்று. 1860இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற சித்திரங்களைத் துணைக்கொண்டு 1906இல் அவ்வினங்களை மீண்டும் ஆராய்ந்தவர் சேர் சார்ள்ஸ் எலியட். 1921இல் இந்து, பௌத்த சமயங்களைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகள் வெளியிட்ட அறிஞரும் இவரே என்பது நம் வாசகர்க்கு உவகை தரும்.

இன்று தூரிகையின் பணியைப் படக்கருவி ஏற்றுள்ளது. ஆயினும் கடல்நீர் செந்நிறத்தை முதலில் விழுங்கிவிடும். பத்து மீற்றர் ஆழத்திற் சிவப்பு கருமையாகத் தோன்றும். ஆகவே மின்னொளி விளக்கை உடன்கொண்டு சென்று, மிக அண்மையில் நின்று படம் பிடித்தல் வேண்டும். விளக்கு வில்லையை ஒட்டியிருப்பின் நீரில் மிதக்குந் துகள்கள் படமெங்கும் வெண்புள்ளிகளாக விழும். எனவே அதனைப் பக்கத்தே சரித்துப் பிடிக்க. கூர்மை உணர்கொம்பின்மீது அமைக.

அழகிய பின்னணி வேண்டி நத்தையைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பார் உளர். வெறுக்கத்தக்க வழக்கம் அது. பல இனங்கள் குறித்த ஒருவகை இரையன்றி வேறு உண்ணா. பெயர்த்தால் விலங்கு பட்டினி கிடக்கும், ஆராய்வோனுக்கும் உணவுபற்றிய சான்று கிட்டாது. முதலில் அது ஊரும் முருகைக்கல்லையும் சேர்த்து ஒரு படம் எடுக்க. பின்னரே கொம்பும் செவுளும் தெரியும் அண்மைப் படங்கள். அருகே சுருள்சுருளாய் நாடாப் போன்ற முட்டைத்திரள் காணப்படின் அதனையும் விடாது எடுத்துக்கொள்க.