சயாம் ரயில் பாதையும் நமது கடமையும்



சென்ற ஆடி அமாவாசைக்கு முதல்நாள், ரிங்லெட்டிலுள்ள நமது கடைக்கு ஒரு மூதாட்டி சூடமும் வெற்றிலையும் வாங்க வந்தார். யுத்தம் முடிந்தபின் பேராக்கிலிருந்து மலையேறி வந்து, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர். வயது தொண்ணூறை நெருங்குகிறது. "யாருக்கம்மா படையல்?" என்று கேட்டோம். "எங்க அய்யாவுக்குத்தான் தம்பி. சயாமுக்குப் போனவரு திரும்பி வரல. செத்த தேதி தெரியாதவங்களுக்கு அமாவாசைதானே?" என்றார்.

அந்தச் சொல் நம் மனத்தைவிட்டு அகலவில்லை. ஆகவே அந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதை நமது வாலிபர்களுக்கு இங்கே பாடமாக எழுதுகிறோம்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே ஆண்டில் பர்மாவும் அவர்கள் வசமாயிற்று. பர்மாவிலிருந்த சேனைக்கு உணவும் ஆயுதமும் கப்பலில் அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்து. எனவே தரைவழியே போகத் தீர்மானித்தனர். சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, காட்டை வெட்டியும் பாறையை உடைத்தும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17-இல் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சந்தித்ததோடு முடிந்தது.

இவ்வேலைக்கு மலாயாத் தோட்டத் தமிழர் எப்படி அகப்பட்டனர்? யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோயிற்று, தோட்டங்களில் வேலையில்லை. வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த நாட்டில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று, சாக்கே உடையாயிற்று. அப்படிப் பசித்திருந்தவர்களிடம், "கூலி உண்டு, அரிசி உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம்" என்று ஆசை காட்டினர். பலர் நம்பிப் போனார்கள். ஆள் போதாதபோது பலவந்தமாகப் பிடித்து ஏற்றினார்கள். சரக்கு வண்டிகளில் அடைபட்டுச் சென்றவர்கள், பின்னர் காட்டுக்குள் நாட்கணக்கில் நடத்தப்பட்டனர்.

அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். மாண்டவர்கள் 12,000-க்கு மேல். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் முதலான ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்றும், அவர்களில் சுமார் 90,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுகின்றனர். கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தாரென்றால், தொழிலாளரில் பாதிக்குப் பாதி என்னலாம். ஏன் இந்த வித்தியாசம்? கைதிகளுக்குத் தங்கள் சேனையின் அதிகாரிகளும் வைத்தியர்களும் உடனிருந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி கட்டளையிட ஆள் இருந்தது. நம் மக்களுக்கு அத்தகைய ஏற்பாடு ஏதுமில்லை. 1943-இல் மழையோடு வாந்திபேதி பரவியபோது குடிசை குடிசையாக மடிந்தனர்.

இறந்தவர் பெயரையும் தேதியையும் கைதிகள் ரகசியமாக எழுதி வைத்திருந்தனர். யுத்தம் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு உடல்கள் தேடி எடுக்கப்பட்டன. இன்று காஞ்சனபுரியின் பெரிய மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. 1957-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படமும் கைதிகளின் கதையையே உலகுக்குக் காட்டியது. தமிழருக்கென்று அங்கே ஒரு நடுகல் எழும்ப 2023-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அந்தக் கல் நல்லதே. ஆனால் மாண்டவர் ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்க நம்மிடம் பட்டியல் எங்கே?

நாம் கடைக்காரர்கள். ஐம்பது காசு கடனானாலும் பெயரெழுதி, தேதி போட்டு வைக்கிறோம். ஒரு மனிதரின் உயிருக்கு அந்தக் கணக்குக்கூட இல்லாமல் போய்விட்டதே!

"இதில் நம் சமுதாயத்தாருக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். அங்கே மடிந்தவர்களில் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் ஏராளம். ஒரே குழியில் பலரைப் போட்டு மூடிய இடத்தில் கபன் ஏது, ஜனாஸாத் தொழுகை ஏது? அன்றியும், எந்தத் தோட்ட மக்கள் வாங்கும் சாமானால் நம் அடுப்பு எரிகிறதோ, அவர்களுடைய துக்கம் நமக்கு அந்நியமாகுமா?

ஆகவே வாலிபர்கள் இரண்டு காரியம் செய்யவேண்டும். முதலாவது, உங்கள் பக்கத்து லயத்திலோ வீட்டிலோ உள்ள முதியோரிடம் கேளுங்கள்: சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா? கேட்டதை அன்றே எழுதுங்கள். அடுத்த வருஷம் கேட்கலாமென்றால், சொல்ல அவர்கள் இருக்கமாட்டார்கள். இரண்டாவது, அக்டோபர் 17-ஐ மறவாதிருங்கள். அது மரணங்கள் நின்ற நாளன்று. பாதையைப் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டவர்கள் அதன் பிறகும் மாண்டனர். ஆயினும் தேதியில்லாத அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு தேதி இருக்கட்டும்.

அந்த மூதாட்டி இந்த மாதம் சாமான் வாங்க வந்தபோது, அய்யாவின் பெயரைக் கேட்டோம். சொன்னார். தோட்டத்தின் பெயரும் சொன்னார். கடன் நோட்டில் எழுத மனம் வரவில்லை. புதிய நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினோம். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, தம்பி" என்றார்.

அந்த நோட்டில் மற்றப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த பெயர்களைக் கொண்டுவாருங்கள்.