கூடு பழசு, பேட்டரி புதுசு

பழைய தெருவிளக்குக் கூட்டையோ கேட் தூண் விளக்கையோ தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தாத்தா, இதைச் சோலாரில் எரிய வைக்க முடியுமா?" முடியும். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் பேனல் வாங்க ஓடிவிடுகிறார்கள். பேனல் கணக்கு கடைசியில் வர வேண்டியது.

நான் ரயில்வேயில் ட்ரெயின் லைட்டிங் பிரிவு ஆள். லாலாகுடா, மெட்டுகுடா, மௌலா அலி பக்கத்து ரயில்வே குடும்பங்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய மாதிரிப் பெட்டியின் அடியில் ஓர் ஆல்டர்னேட்டர் தொங்கும். சக்கரத்தின் அச்சு பெல்ட்டை இழுக்க, பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்ற, 110 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். வண்டி நின்றால் விளக்குக்கும் விசிறிக்கும் அந்தப் பேட்டரிதான் கதி. சோலார் விளக்கும் இதே ஏற்பாடுதான். பகல் என்பது ஓடுகிற வண்டி, இரவு என்பது அவுட்டர் சிக்னலில் நிற்கிற வண்டி. எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போடாமல் பேட்டரி வைத்தால் பயணிகள் இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

1. எதைப் பழசாக வாங்கலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விளக்கின் கூடு, கண்ணாடி, கம்பி வலை, கம்பம், கிளாம்பு எல்லாம் பழசே போதும். பல நேரம் பழசுதான் மேல். பேனலைச் சோதித்துப் பார்த்துப் பழசாக வாங்கலாம். பேட்டரியும் சார்ஜ் கன்ட்ரோலரும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களுக்கு: பளபளப்பான புதுப் பிளாஸ்டிக் கூடு வாங்கி, அதற்குள் யாரோ கழற்றிப்போட்ட பேட்டரியைச் செருகுகிறார்கள்.

2. கூடு தேட ஏற்ற ஊர்தான் நம் ஹைதராபாத். மௌலா அலி, நாச்சாரம், மல்லாப்பூர், செர்லபல்லி என்று சுற்றிலும் தொழிற்பேட்டைகள். பட்டறைகள் எல்இடிக்கு மாறும்போது கழற்றுகிற வெல் கிளாஸ் விளக்கு, பல்க்ஹெட் விளக்கு எல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் வருகின்றன. தெருவிளக்குகளை எல்இடி ஆக்கும் தேசியத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்குப் பிறகு ஹைதராபாத்திலும் சோடியம் விளக்குகள் பெருமளவில் இறங்கின. இங்கே கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எர்ரகட்டா சந்தை, பழைய நகரத்தில் ஜுமேராத் பஜார். வயர், டையோடு, கன்ட்ரோலர் போன்ற புதுச் சாமான்களுக்குக் கோட்டியின் குஜராத்தி கல்லி, செகந்திராபாத்தின் ராணிகஞ்ச்.

வாங்கும்போது கூட்டைக் கையில் எடுத்துக் கனம் பாருங்கள். வார்ப்பு அலுமினியமா, தகரமா? திருகு மரை தேய்ந்திருக்கிறதா? கண்ணாடி அசைகிறதா? பெயின்ட் உரிந்திருப்பது குறையே இல்லை. துரு பிடித்த தகரக் கூடு மட்டும் வேண்டாம், இரண்டு மழைக்குத் தாங்காது.

3. இதைக் கவனமாகக் கேளுங்கள். பக்கத்திலேயே ரயில்வே ஷெட்டும் யார்டும் இருக்கின்றன. எடைக்கு வரும் குவியலில் 'ஐ.ஆர்.' என்றோ 'எஸ்.சி.ஆர்.' என்றோ முத்திரை குத்திய விளக்கோ, கை சிக்னல் லாந்தரோ கண்ணில் பட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள். ரயில்வே தன் கழிவை ஏலத்தில் விற்கிறது. ஏலச் சீட்டு இல்லாத சாமான் திருட்டுச் சாமானாக இருக்கக்கூடும். 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, சாமான் நியாயமாகத்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அதை வைத்திருப்பவர். முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஒரு லாந்தருக்கு இது தேவையா?

4. பழைய கூட்டைத் திறந்தால் உள்ளே சோக், இக்னைட்டர், கெபாசிட்டர் இருக்கும். கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்து, தேங்கிய சார்ஜை வடித்துவிட்டுத் தொடுங்கள். உள்ளே சோடியம் பல்போ ட்யூப் லைட்டோ சிஎஃப்எல்லோ இருந்தால் உடைக்காதீர்கள். மூன்றிலும் பாதரசம் உண்டு. சோக்கில் இருக்கும் செம்புக்கு எடைக்கடையில் நல்ல விலை கிடைக்கும், கூடு வாங்கிய காசில் ஒரு பங்கு அதிலேயே திரும்பிவிடும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூசி குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கக் கூடாது.

5. இப்போது கணக்கு. இரவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஒரு வாசலுக்கு 3 வாட் எல்இடி போதும். அது ஏறக்குறைய 300 லூமென், பழைய 40 வாட் குண்டு பல்பைவிடக் கொஞ்சம் குறைவு. பத்து மணி நேரம் எரிந்தால் 30 வாட்-அவர். மழைக்காலத்தில் ஒரு நாள் வெயில் வராமல் போகலாம், ஆகவே இரண்டு இரவுக்கு 60. பேட்டரியை முழுக்கக் காலி செய்யாமல் எண்பது சதவீதம் வரை பயன்படுத்துவது என்று வைத்தால் 75 வேண்டும். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அந்த அளவுதான்.

அடுத்தது பேனல். ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் இந்த ஊர் வெயில் தாராளம். நாம் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, ஜூலை ஆகஸ்டை. அப்போது நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு, தூசி, வயர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து நாற்பது சதவீதத்தைத் தின்னும். 30-ஐ 2.4-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை வாட். வெயிலில்லாத நாளின் பாக்கியையும் அடைக்க வேண்டும் என்பதால் 20 வாட் பேனல். பத்து வாட் போட்டவர்களின் விளக்கு ஏப்ரலில் ஜோராக எரியும், ஆகஸ்டில் ஒன்பது மணிக்கே கண்ணை மூடும். அப்போது அவர்கள் பேட்டரியைத்தான் திட்டுவார்கள்.

6. பழைய பேனலைச் சோதிக்கும்போது பெரும்பாலோர் வோல்ட்டை மட்டும் பார்க்கிறார்கள். 12 வோல்ட் பேனலில் 36 செல்கள் இருக்கும். எதனோடும் இணைக்காமல் அளந்தால் 21, 22 வோல்ட் காட்டும். பாதி செத்த பேனலும் இதைக் காட்டும்! உண்மையைச் சொல்வது ஆம்பியர். உச்சி வெயிலில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இரு முனைகளையும் மீட்டர் வழியாகச் சேர்த்துப் பாருங்கள். 20 வாட் பேனல் என்றால் ஒரு ஆம்பியருக்கு மேல் வர வேண்டும். முக்கால் ஆம்பியருக்குக் கீழே போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குச் சோதித்துக் காட்டுகிற கடைக்காரரிடம், "நாளைக்கு மத்தியானம் வருகிறேன், அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஓரத்தில் பழுப்பேறியது பரவாயில்லை. கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே நீர்க்குமிழி போல எழும்பியிருந்தால் உள்ளே ஈரம் போய்விட்டது, வேண்டாம்.

7. பேட்டரி. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் உருளைச் செல்களை எடுத்து ஓட்டலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். தொடக்கக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அந்தச் செல்லில் 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, உள்ளே அடிபட்டிருந்தாலோ தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காது. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழ்த்தளத்து மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தில் பற்றிய தீயின் புகை மேலே விடுதிக்கு ஏறி எட்டுப் பேர் இறந்தார்கள். இங்கிருந்து அதிகத் தூரமில்லாத இடத்தில் நடந்தது அது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அதைவிடச் சாதுவானது, வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். பிஎம்எஸ் எனப்படும் காப்புப் பலகை உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஈய-அமில பேட்டரி ஆகாதா என்று கேட்பீர்கள். காலமெல்லாம் அதோடுதான் பழகியவன் நான், அதன் மேல் எனக்குப் பகையில்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனையில் பூக்கும் பச்சையைத் துடைத்து, பாதிக்கு மேல் காலியாகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நன்றாகவே உழைக்கும். வாசல் விளக்குக்கு அப்படி யார் மெனக்கெடப் போகிறார்கள்?

8. கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றிவையுங்கள். விலை குறைந்தவை கடையிலிருந்து வரும்போதே ஈய-அமில அளவில்தான் இருக்கும், நம் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் 14.4 வோல்ட் வாக்கில் நிற்க வேண்டும். சேர்க்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். 20 வாட்டுக்குச் சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் போதும். விலை கூடிய 'எம்பிபிடி' வகை என்று எழுதி மலிவாக விற்பவை பலவும் உள்ளே பிடபிள்யூஎம்தான்.

9. 12 வோல்ட்டில் ஓடுகிற எல்இடி வாங்குங்கள். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் பல்பை எரிப்பது வீண் செலவு. வயரை மட்டும் கஞ்சத்தனமாக வாங்காதீர்கள்: அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் பத்தொன்பது மடங்கு கரண்டு ஓடும். ஒரு விளக்கு என்றால் தெரியாது. மாடிப்படி நெடுக ஐந்து விளக்கை ஒரே மெல்லிய வயரில் கோத்தால் கடைசி விளக்கு மங்கும்.

10. மழையைவிட இந்த ஊரில் வெயில்தான் எதிரி. மே மாதத்தில் மூடிய உலோகக் கூட்டுக்குள் கையை வைக்க முடியாது. அதனால் பேட்டரியை விளக்குக் கூட்டுக்குள் அடைக்காதீர்கள். பேனலின் நிழலில், காற்றோட்டமான தனிப் பெட்டியில் வையுங்கள். கடையில் விற்கும் 'ஆல் இன் ஒன்' சோலார் விளக்குகள் இரண்டு கோடைக்குள் சோர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம், பேட்டரி பேனலின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வேகுவதுதான். எல்இடி பலகையைக் கூட்டின் அலுமினியத்தோடு ஹீட்சிங்க் பேஸ்ட் தடவித் திருகிவிடுங்கள். வார்ப்பு அலுமினியக் கூடு வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான், கூடே சூட்டை இழுத்து வெளியே விட்டுவிடும்.

11. தண்ணீர் மேலிருந்து வருவதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். பாதித் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். வயர் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். கேபிள் கிளாண்ட் போடுங்கள். காய்ந்து கட்டையான பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நியோப்ரீன் ஷீட்டில் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். சிலிகான் ட்யூபை வாங்கியதும் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது செம்பை அரிக்கும், எல்இடி பலகைக்குப் பக்கத்தில் ஆகாது. வாடை அடிக்காத நியூட்ரல் சிலிகான் என்று தனியாக உண்டு. கூட்டின் அடியில் 3 மில்லிமீட்டருக்கு ஓர் ஓட்டையும் போடுங்கள். எவ்வளவு அடைத்தாலும் இரவின் குளிரில் உள்ளே ஈரம் வியர்க்கும், அது வடிய வழி வேண்டும்.

12. மௌலா அலியில் கம்பம் நடுவது தனிப் பாடு. ஒரு முழம் தோண்டுவதற்குள் கடப்பாறை கருங்கல்லில் மோதும். பாறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய எண்ணெய் டின்னில் கம்பத்தை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிவிடுங்கள். வேண்டியபோது நகர்த்தவும் செய்யலாம்.

பேனலைத் தெற்குப் பார்த்து 17 டிகிரி சாய்த்து வையுங்கள், நாம் இருப்பது 17.4 டிகிரி அட்சத்தில். மே 9 வாக்கிலும் ஆகஸ்ட் 3 வாக்கிலும் ஹைதராபாத்தில் நண்பகல் நிழல் காலடியிலேயே விழும்; அந்த இரண்டு நாட்களுக்கு நடுவே சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அதற்காகப் பேனலைத் திருப்பத் தேவையில்லை, வடக்குப் பக்கத்து வேப்பங்கிளையை வெட்டினால் போதும். செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்தவை. ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்தக் கரண்டும் படுத்துவிடும். புறா எச்சமும் அப்படித்தான், வாரம் ஒருமுறை துடையுங்கள்.

13. வெளிச்சம் காலடியில் விழட்டும், கண்ணில் அல்ல. ரஜப் மாதத்தில் மௌலா அலி மலைத் தர்காவுக்குப் படி ஏறுகிறவர்களைப் பாருங்கள். எல்லோரும் குனிந்து அடுத்த படியைத்தான் பார்க்கிறார்கள். குப்பென்று வெள்ளை வெளிச்சம் எதிரே அடித்தால் படி தெரியாது. 2700 அல்லது 3000 கெல்வின் என்று எழுதிய மஞ்சள் எல்இடி வாங்குங்கள். மழைக்காலத்து ஈசல் மொய்ப்பதும் குறையும், பக்கத்து வீட்டு ஜன்னலும் உங்களைச் சபிக்காது.

14. கடைசியாக ஒரு வேண்டுகோள். எவ்வளவு நல்ல பேட்டரியும் ஒருநாள் ஓயும். அன்று அதைக் காலையில் வரும் குப்பை ஆட்டோவில் போட்டுவிடாதீர்கள். நசுங்கினால் வண்டியிலேயே பற்றிக்கொள்ளும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் பொறுப்பு நம்முடையது. வாங்கும்போதே கடைக்காரரிடம் "பழசைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். எடுக்கமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.