லோடு சொல்லும் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கன்வேயருக்கு மோட்டார் தேர்ந்தெடுப்பதானாலும் மின்ஸ்கூட்டர் வாங்குவதானாலும் நாம் முதலில் பார்ப்பது நேம் பிளேட்டை. டிரைவ் வடிவமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது லோடை: எவ்வளவு முறுக்குவிசை, எந்த வேகத்தில், எத்தனை நேரம். இந்த மூன்றும் தெரியாமல் ஹெச்.பி. பேசுவதால்தான் கீழே உள்ள நம்பிக்கைகள் பட்டறைகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

நம்பிக்கை: எதற்கும் ஒரு சைஸ் பெரிய மோட்டாராகப் போட்டால் பாதுகாப்பு.

இயந்திரம் செய்பவர் கொஞ்சம் கூட்டுவார். வாங்குபவர் தன் பங்குக்குக் கூட்டுவார். 4 ஹெச்.பி. போதுமான இடத்தில் 10 ஹெச்.பி. வந்து உட்கார்ந்துவிடும். இண்டக்‌ஷன் மோட்டார் முக்கால் லோடு முதல் முழு லோடு வரை நன்றாக உழைக்கும். பாதி லோடுக்கும் கீழே, நேரடியாக லைனில் ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் வெகுவாகச் சரியும்.

பயமெல்லாம் சில விநாடி வந்துபோகும் உச்ச லோடைப் பற்றியது. அதற்குக் கணக்கு உண்டு. ஒரு பேக்கிங் இயந்திரத்தின் சர்வோ மோட்டார், 30 விநாடிச் சுற்றில் 5 விநாடி 20 நியூட்டன் மீட்டரும், 15 விநாடி 8 நியூட்டன் மீட்டரும் தந்து, மீதி 10 விநாடி சும்மா நிற்கிறது என்று வையுங்கள். காயிலின் சூடு முறுக்குவிசையின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. ஆகவே ஒவ்வொரு அளவையும் வர்க்கப்படுத்தி, அதன் நேரத்தால் பெருக்கிக் கூட்டி, 30ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். விடை ஏறத்தாழ 10. தொடர்ந்து 10-க்குச் சற்று மேல் தாங்கி, சில விநாடி 20 தரும் மோட்டார் போதும். தொடர்ந்தே 20 தரும் மோட்டாரை வாங்குவது இரும்புக்கும் செம்புக்கும் கொடுக்கும் வீண் காசு.

நம்பிக்கை: வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) மாட்டினால் கரண்ட் பில் பாதியாகும்.

சில இடங்களில் இது உண்மை. அதனால்தான் இது ஆபத்தான நம்பிக்கையும்கூட. நூற்பாலையின் ஈரப்பத அறை மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். விசிறிக்கு வேண்டிய திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் திறன் 51 சதவீதத்துக்கு இறங்கும். டேம்பரை மூடிக் காற்றைக் குறைக்கும் மில்லுக்கு டிரைவ் போட்ட காசு விரைவில் திரும்பிவிடும்.

அதே டிரைவை ஆயிரம் அடி போர்வெல் பம்பில் மாட்டினால் கதை வேறு. பம்ப் தள்ளும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80 சதவீத வேகத்தில் அந்த உயரம் 64 சதவீதம். ஆயிரம் அடிக்கென்று தேர்ந்தெடுத்த பம்ப் அந்த வேகத்தில் 640 அடிக்குத்தான் தள்ளும். மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மேலே வராது. கன்வேயர், கிரேன் போன்றவற்றில் கன விதி செல்லாது. எப்போதும் முழு வேகத்தில் ஓடும் இயந்திரத்தில், டிரைவே சில சதவீத மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கும். அங்கே மென்மையான ஸ்டார்ட் கிடைக்கும், மிச்சம் கிடைக்காது.

நம்பிக்கை: எந்தப் பழைய மோட்டாரையும் டிரைவில் ஓட்டலாம்.

415 வோல்ட் டிரைவ், உள்ளே ஏறத்தாழ 590 வோல்ட் டி.சி.யை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி அனுப்புகிறது. கேபிள் நீண்டால் மோட்டார் முனையில் உச்ச மின்னழுத்தம் இரட்டிப்பாகவும் கூடும். பழைய ரீவைண்டிங் அதைத் தாங்காது. ஷாஃப்டில் ஏறும் மின்னழுத்தத்தால் பேரிங் வழியே மின்னோட்டம் பாய்ந்து, அதன் பாதையில் வரிவரியாகப் பள்ளம் போடும். குறைந்த வேகத்தில் ஷாஃப்டோடு சுற்றும் விசிறியின் காற்றும் போதாது. கேபிள் நீளம், ஃபில்டர், ஷாஃப்ட் எர்த்திங், தனி விசிறி எல்லாம் வடிவமைப்பின் பகுதி. மோட்டார் எரிந்த பிறகு யோசிக்கும் விஷயங்கள் அல்ல.

நம்பிக்கை: அதிக கிலோவாட் ஸ்கூட்டர் மலையேறும்.

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் உச்சத் திறன். மலைக்கு வேண்டியது தொடர் திறன். இருவர் அமர்ந்த ஸ்கூட்டர் 250 கிலோ என்றால், சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாகவே கேட்கும். 8 சதவீத ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கே 2 கிலோவாட் வேண்டும். வேகம் குறைந்தும் திறன் கூடுவதால் முறுக்குவிசை மூன்று மடங்குக்கு மேல் போகிறது. காயிலின் சூடு ஒன்பது மடங்கைத் தாண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை அந்தச் சூடு நிற்காது. மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் அதிகச் சூட்டில் நிரந்தரமாக வலு இழக்கக்கூடியது. அதனால்தான் கன்ட்ரோலர் நடுவழியில் திறனைக் குறைக்கிறது. அது பழுதல்ல, பாதுகாப்பு.

அந்தக் காந்தங்களைச் சூடு தாங்கச் செய்யும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் ஆகியவற்றுக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. காந்தமில்லாத வழியும் இருக்கிறது: 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில்தான் ஓடியது.

நம்பிக்கை: ஓடும்போதே தன்னைத்தானே சார்ஜ் செய்துகொள்ளும் வண்டி சாத்தியம்.

சக்கரத்தில் டைனமோ பொருத்திய வீடியோக்கள் பல லட்சம் பேரை எட்டுகின்றன. பேட்டரியிலிருந்து 100 அலகு எடுத்து, 90 சதவீத மோட்டார், 85 சதவீத டைனமோ, 95 சதவீத சார்ஜிங் வழியாகச் சுற்றி வந்தால் 73 அலகுதான் திரும்பும். வண்டி ஓர் அங்குலம்கூட நகராத நிலையிலேயே 27 அலகு நஷ்டம்.

பிரேக் போடும்போது ஆற்றலைத் திரும்பப் பெறும் ரீஜென் வேறு. அது மெய்யானது, ஆனால் சிறியது. அதே 250 கிலோ வண்டி 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது அதனிடம் இருப்பது 4.3 வாட் மணி. கிலோமீட்டருக்கு 30 வாட் மணி செலவாகும் வண்டியில், முழுவதும் திரும்பினாலும் 140 மீட்டர் ஓட்டத்துக்குத்தான் ஆகும். மலையிறக்கத்திலும், பாரத்தை இறக்கும் கிரேனிலும் ரீஜென் உண்மையிலேயே பலன் தரும். தானே சார்ஜ் ஆகும் வண்டி என்று யாராவது முன்பணம் கேட்டால், எவ்வளவு படித்தவர் சொன்னாலும், கொடுக்காதீர்கள்.