வியர்வையை அளக்கப் போகும் தங்கச்சிக்கு

தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்கு மணிக்கட்டுப் பட்டை மாட்டி மன அழுத்தத்தை ஆராயப் போகிறேன் என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம், தங்கச்சி. கூடவே ஒரு கவலை. பட்டைக்குத் தெரிந்தது வியர்வை மட்டும்தான். சுரப்பியில் வியர்வை ஏறினால் தோல் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அதைப் பட்டை மைக்ரோசீமென்ஸ் கணக்கில் குறித்துக்கொள்ளும். வியர்த்தது பயத்திலா, கோவில்பட்டி வெயிலிலா என்று அது சொல்லாது. பிரித்தெடுப்பது உன் பொறுப்பு.

ஆய்வக வழிகாட்டிகள் 23 டிகிரி அறையைக் கேட்கும். சித்திரையில் கரிசல்காட்டுத் தகரக் கூரைக்கடியில் அதற்கு எங்கே போவது? காலை நேரத்தைப் பிடி, முடிந்தால் மார்கழி, தை மாதத்தில் வை. பட்டை ஓடும் நேரமெல்லாம் அறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பக்கத்திலேயே பதிவு செய். ஒருத்தரை இன்னொருத்தரோடு ஒப்பிடாதே. அதே ஆள் சும்மா உட்கார்ந்திருந்தபோது என்ன காட்டியது, வேலையில் என்ன காட்டுகிறது என்று பார்.

எங்கே மாட்டுகிறாய் என்பதில்தான் பாதி ஆய்வு இருக்கிறது. மனசின் பதற்றம் விரலிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நன்றாகத் தெரியும். மணிக்கட்டில் அது மங்கல். வெயில்தான் அங்கே தூக்கல். ஆனால் விரலில் ஒயரைக் கட்டினால் தீக்குச்சிக் கட்டை அடுக்க முடியாதே! குச்சி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரலில் சிக்னலும் குறையும். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, சம்மதித்தால் உள்ளங்காலில் ஒட்டிப் பார். சானிடைசரால் துடைக்காதே, தோல் வறண்டுவிடும். எல்லோருக்கும் ஒரேமாதிரி தண்ணீரில் கழுவித் துடை. மாட்டியபின் பத்து நிமிஷம் சும்மா விடு. ஜெல் இல்லாத எலக்ட்ரோடுக்கு அடியில் ஈரம் சேர வேண்டும்.

சங்கு ஊதினாலும் மேஸ்திரி சத்தம் போட்டாலும், 1 முதல் 3 விநாடி கழித்துத்தான் கோடு ஏறும். அதனால் உன் போனும் பட்டையும் ஒரே நேரம் காட்டணும். டீ, மாத்திரை விவரமும் கேட்டு எழுது. சில அலர்ஜி மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும்.

நம்ம மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், ஆர்மல் என்பவரோடு சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. ரப்பர் கையைத் தன் கையாக உணர்ந்தவருக்கு, அந்த ரப்பர் விரலை வலிக்கிறமாதிரி வளைத்ததும் தோலில் கடத்தல் ஏறியது. அந்த உணர்வு வராதபடி வைத்தும் செய்து பார்த்து ஒப்பிட்டார்கள். அப்படி ஒரு ஒப்பீடு உன்னிடமும் இருக்கணும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொய் கண்டறியும் கருவியிலும் இதே அளவீடு உண்டு. சம்மதம் இல்லாமல் யாருக்கும் அந்தச் சோதனை செய்யக்கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "யாரு டென்ஷனா இருக்காங்க, காட்டும்மா" என்று முதலாளி கேட்பார். காட்டாதே. கோப்பில் பெயர் வேண்டாம், எண் போதும். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டு. பட்டையைப் பாதியில் கழற்றினாலும் கூலி குறையாது என்று முதலாளியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடு.