வயலில் கிடந்த சாட்சிகள்

கேள்வி: கறுப்புப் பெட்டி இல்லாத சிறு விமானம் விழுந்தால், காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: நொறுங்கிய பாகங்களே சாட்சி. 1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் அயோவாவில் மேசன் சிட்டி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பீச்கிராஃப்ட் பொனான்சா விமானம், சில மைல் தள்ளி ஒரு வயலில் விழுந்தது. பாடகர் பட்டி ஹாலி உட்பட நால்வரும் இறந்தார்கள். புரொப்பெல்லர் சேதமடைந்த விதம், எஞ்சின் கடைசிவரை ஓடியதைக் காட்டியது. ஏற்ற இறக்க வேகத்தைக் காட்டும் கருவியில் உறைந்து நின்ற முள்ளோ, நிமிடத்துக்கு 3,000 அடி இறக்கம் என்றது. இருட்டு, பனி; கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி 21 வயது விமானிக்கு இல்லை. விமானத்திலிருந்த சாய்வுகாட்டியோ, அவர் பழகியதற்கு நேர்மாறாக ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வகை. இறங்கும்போதே ஏறுவதாக நினைத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. மோசமான வானிலை எச்சரிக்கைகளை அவரிடம் சொல்லவே இல்லை என்பதையும் அந்த அறிக்கை பதிவுசெய்தது. என்னை மிகவும் வருத்துவது அதுதான்.