உயர்த்திய ஜீப்புக்கு எந்த டயர்?

சகோதரர்களே, சென்ற சில மாதங்களில் வியாபாரிகள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டபள் கெப்பை இரண்டு அங்குலம் உயர்த்தியாகிவிட்டது, இனி என்ன அளவு டயர் போடுவது?" 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே கையில் இருக்கும் பழைய கெப், மொன்டேரோ, லான்ட் குரூசர் போன்றவற்றையே திருத்திப் பாவிக்கிறோம். மருதங்கேணிப் பக்கம் மீன் எடுக்கப் போகிறவருக்கும், பழைய இரும்பு ஏற்றிவரும் சகோதரருக்கும் வாகனம் கொஞ்சம் உயர்ந்து நிற்பது வசதிதான். ஆனால் டயர் கடையில் அவசரப்பட்டால் ஐந்து டயரின் பணமும் வீணாகும். ஐந்து என்றுதான் சொல்கிறேன், நான்கு அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அளவை வாசிக்கப் பழகுங்கள். 265/70 ஆர் 16 என்றால், டயரின் அகலம் 265 மில்லி மீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், அதாவது 185.5 மில்லி மீற்றர். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம் 406 மில்லி மீற்றர், அதோடு மேலும் கீழும் பக்கச் சுவர் சேர்ந்து மொத்த உயரம் 777 மில்லி மீற்றர். அது ஏறத்தாழ முப்பதரை அங்குலம். பல கெப்களிலும் ஜீப்களிலும் கம்பனியில் இருந்து வருவது இந்த உயரமே.

பலர் நினைப்பது போல, ஸ்பிரிங்கை உயர்த்தியதால் வாகனத்தின் அடிப்பாகம் எல்லாமே உயர்ந்துவிடாது. உயர்வது உடலும் சேசியும்தான். பின் அச்சும் அதன் நடுவில் தொங்கும் டிப்ரென்சலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முட்டுவது அதுதான். அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. அதுவும் டயரின் உயரம் கூடுவதில் பாதியளவுதான் உயரும். 777இல் இருந்து 804 மில்லி மீற்றருக்குப் போனால் டிப்ரென்சல் உயர்வது பதின்மூன்றரை மில்லி மீற்றர், ஒரு விரல் அளவு. இதற்காகவா இவ்வளவு செலவு என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியைப் பணம் கொடுப்பதற்கு முன் கேட்பது நல்லது.

இரண்டு அங்குலம் உயர்த்திய வாகனத்துக்கு ஒரு படி மட்டும் பெரிதாக்குவதே எனது ஆலோசனை. அந்தப் படியில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று 265/75 ஆர் 16, உயரம் 804 மில்லி மீற்றர். மற்றது 235/85 ஆர் 16, உயரம் 806. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டாவது 30 மில்லி மீற்றர் ஒடுக்கம். கண்ணுக்கு அகலமான டயர் கம்பீரமாக இருக்கும், இளைஞர்கள் அதைத்தான் கேட்பார்கள். வியாபாரிக்கு நான் சொல்வது ஒடுக்கமானதையே. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது சேசியிலும் மட்காட்டிலும் உரசுவது குறைவு, மழைத் தண்ணீரைக் கிழித்துப் போகும், டீசலும் அவ்வளவு குடிக்காது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நமது சிறிய லொறிகளுக்குப் போடும் 7.50-16 டயரைத் தெரியாத வியாபாரி இருக்கமாட்டார். லான்ட் ரோவர் டிபென்டருக்கும் எழுபதாம் வரிசை லான்ட் குரூசருக்கும் அந்த அளவில்தான் கம்பனியே டயர் போட்டது. ஒடுக்கமாக, உயரமாக. போர்க்காலத்திலும், 2004 சுனாமிக்குப் பிறகும், வீதி என்று சொல்ல ஒன்றும் இல்லாத இடங்களுக்குப் போய்வந்தவை இந்த வகை வாகனங்கள்தாம். 235/85 ஆர் 16 அதற்கு மிகவும் நெருங்கிய உயரம்.

"மணலுக்கு அகலமான டயர்தானே நல்லது?" என்று உடனே கேட்பார்கள். மணற்காட்டு மணல் மேடுகளையும் சுண்டிக்குளம் வரையுள்ள கரையோரத்தையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். மணலில் வேலை செய்வது அகலத்தை விடக் காற்றின் அளவு. 32 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை 18க்கு இறக்கினால், டயர் நிலத்தில் படும் இடம் நீளவாக்கில் கூடும். அந்த நீளம்தான் வாகனத்தைப் புதையாமல் காக்கிறது. உயரமான டயரில் அந்த நீளம் இன்னும் அதிகம். ஆனால் காற்றை இறக்கிய டயர் பாரம் தாங்காது. மீன் பெட்டிகளும் ஐஸும் ஏற்றிக்கொண்டு 18இல் ஓடக்கூடாது. இறக்கிய காற்றோடு தார் வீதியில் ஏறி வேகமெடுத்தால் பக்கச் சுவர் சூடாகிப் பிய்ந்துவிடும். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று வாகனத்தில் இருக்கட்டும். களப்போரச் சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே காய்ந்து, உள்ளே களியாக இருக்கும் அந்தத் தரையில் எந்த டயரும் உதவாது. சுற்றிப் போங்கள்.

பூவின் வகையிலும் ஏமாறக்கூடாது. பெரிய கட்டை கட்டையாக இருக்கும் சேற்று டயர் மணலைத் தோண்டிக் குழி பறிக்கும், தார் வீதியில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும். நமது ஓட்டத்தில் பெரும் பங்கு தார் வீதிதான். கொழும்புக்கு ஒரு தடவை போனால் ஏறத்தாழ 400 கிலோ மீற்றர். ஏ.டி. என்று சொல்லப்படும் நடுத்தரப் பூவே போதும். நமது சுண்ணாம்புக் கல் கூரானது, பக்கச் சுவரைத்தான் வெட்டும். ஆகவே பூவைப் பார்ப்பதற்கு முன் பக்கச் சுவரின் பலத்தைக் கேளுங்கள்.

பாரத்தின் கணக்கு டயரிலேயே எழுதியிருக்கிறது. அளவுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 120 என்றால் 1400 கிலோ. ஆனால் அந்தப் பாரம் குறிப்பிட்ட காற்று இருந்தால் மட்டுமே. பழைய டயரில் இருந்ததை விடக் குறைந்த இலக்கத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பாரம் கூடிய டயர் வெறும் வாகனத்தில் கடினமாகத் துள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான்கு இலக்கத் திகதியையும் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இரண்டாம் கை டயர் மலிவாகக் கிடைக்கும்போது பூ தடிப்பாக இருக்கிறது என்று மயங்கவேண்டாம். வெயிலில் கிடந்த பழைய இறப்பர் உள்ளே வெடித்திருக்கும்.

இன்னும் பெரிதாக, 285/75 ஆர் 16 போட ஆசைப்படுவோரும் உண்டு. அதன் உயரம் 834 மில்லி மீற்றர், பழையதை விட 7 வீதம் கூட. வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 64இல் போவீர்கள். கொழும்புக்கு ஒரு தடவை போன கணக்கில் 400க்கு 373தான் விழும். டீசல் கூடக் குடிக்கிறது என்று பாஸைத் திட்டுவதற்கு முன் இதையும் நினையுங்கள். கிலோ மீற்றருக்கு வாடகைக்கு விடுபவருக்கு இது நேரடி நட்டம். பெரிய சில்லைத் திருப்ப கிளட்சுக்கும், நிறுத்த பிரேக்குக்கும் வேலை கூடும். ஒரு படி மட்டும் ஏறினால் பிழை மூன்றரை வீதத்தோடு நிற்கும். அதைத் தாங்கலாம். எந்த மாற்றத்தையும் காப்புறுதிக் கம்பனிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, விபத்துக்குப் பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு டயரை முன் சில்லில் பூட்டிப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். பின்னால் வழமையான பாரத்தை ஏற்றி, முன் சில்லை ஒரு கல்லின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். டயருக்கும் சேசிக்கும், உள் மட்காட்டுக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். வெறும் வாகனத்தை வெட்டைத் தரையில் வைத்துப் பார்ப்பது பார்த்ததாகாது.

இனி அந்த ஐந்தாவது டயர். நான்கு சில்லும் சேர்ந்து இழுக்க ஓடும்போது ஒரு சில்லு மட்டும் வேறு உயரமாக இருந்தால், டிப்ரென்சலும் கியர் பெட்டியும் ஓயாமல் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கும். பழைய அளவு ஸ்பெயார் சில்லைப் பூட்டி அப்படியே நீண்ட தூரம் ஓடினால், டயரில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கு கராஜுக்குப் போகலாம். புதிய அளவில் ஐந்தும் எடுங்கள். ஸ்பெயார் தொங்கும் இடத்தையும் அளந்து பாருங்கள். 804 உயரம் பெரும்பாலான கெப்களின் அடியில் அடங்கும். 834 பல கெப்களில் அடங்காது, பிறகு பொருள் ஏற்றும் இடத்தில்தான் கிடக்கும்.