வில் காசுள்ளவன் வீட்டுப் பொருள் அல்ல

"அதெல்லாம் பணக்காரப் பிள்ளைங்க விளையாட்டு சார், நமக்கு எதுக்கு?" புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் எந்தப் பள்ளியில் வில்வித்தை அணி என்று பேச்செடுத்தாலும் இதே பதில்தான். பெற்றோர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், ஆசிரியர்களே சொல்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியனான எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

லட்ச ரூபாய் வில் உண்டுதான். அது சர்வதேசப் போட்டிக்குப் போகிறவர் கையில் இருப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளையால் அதை இழுக்கவே முடியாது, அதன் கையில் கொடுக்கவும் கூடாது. தொடக்கத்தில் வில்லே கிடையாது. ரப்பர் பட்டையை முகவாய் வரை இழுத்து, முதுகுச் சதையின் பலத்தில் அசையாமல் நிறுத்தப் பழக வேண்டும். அடுத்தது மூங்கில் வில். தேசியப் போட்டிகளிலேயே 'இந்தியன் ரவுண்டு' என்று இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பள்ளி நாலைந்து வில் வாங்கினால் பிள்ளைகள் மாற்றி மாற்றி எய்யலாம். வீட்டுக்கு ஒன்று வாங்கு என்று யார் சொன்னது?

வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரியின் அப்பா ராஞ்சியில் ஆட்டோ ஓட்டியவர். மாங்காயைக் கல்லால் அடித்தும் மூங்கில் வில்லால் எய்தும் பழகிய பெண், 2006-ல் ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமியில் சேர்ந்தபோது கிடைத்த உதவித்தொகை 500 ரூபாய். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினார். சாத்தாரா அதிதி சுவாமி அரசுப் பள்ளி ஆசிரியரின் மகள். கரும்புக் கொல்லைக்கு நடுவே திருத்திய மைதானத்தில் பயிற்சி எடுத்து, 2023-ல் பெர்லினில் 17 வயதில் உலக சாம்பியன் ஆனார். அரியூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம். நமக்கு நிலம் புதிதா, கரும்பு புதிதா?

இதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து மதிப்பெண் எழுதுவதைப் பார்க்கட்டும். எய்து முடித்துப் பலகைக்கு நடந்து போனதும், ஒருவரும் அம்பைத் தொடக் கூடாது. எய்த பிள்ளையே "ஒன்பது, ஏழு, நாலு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எதிரணிப் பிள்ளை பார்த்து உறுதி செய்ய வேண்டும். எழுதிய பிறகுதான் அம்பைப் பிடுங்கலாம். தன் நாலை நாலு என்று பலர் முன்னால் சொல்லும் பழக்கத்தை எந்த டியூஷன் சொல்லித் தருகிறது?

மற்ற சாக்குகளுக்குப் பதில் சொல்ல இவ்வளவு நேரம் தேவையில்லை. ஆபத்தாம்! இரண்டு விசில் கேட்டால் கோட்டுக்கு வரலாம், ஒன்றுக்கு எய்யலாம், மூன்றுக்குத்தான் அம்பெடுக்கப் போகலாம். தொடர்ந்து ஊதினால் அத்தனை பேரும் வில்லை இறக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நம் ஊர் கிரிக்கெட்டில் கிடையாது. கண் பார்வை மங்கலான பிள்ளைக்கு ஆகாதாம். பார்வைக் குறைபாடு உள்ள தென்கொரிய வீரர் இம் டாங்-ஹியூன் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 720-க்கு 699 எடுத்து உலக சாதனை செய்தார். வில் பிடித்தால் மார்க் தானாக ஏறும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதையும் நம்பாதீர்கள். படித்தால்தான் மார்க்.

படிப்பு கெடும் என்பவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. அந்த வாரியம் 9 முதல் 12 வரை தினமும் ஒரு உடற்கல்விப் பாடவேளை வேண்டும் என்று 2018-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பாடவேளை எங்கே? கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார், அறிவியல் டீச்சர் எடுத்துக்கொள்கிறார், ஜனவரி வந்தால் பி.டி. பீரியடே இருப்பதில்லை. தலைமையாசிரியர்களே, வில் வாங்கப் பணம் கேட்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். பெற்றோரே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் கால அட்டவணையை வாங்கிப் பார்த்து, அந்தப் பீரியட் எங்கே என்று கேளுங்கள்.